பாறை மேலே போகிறது

தாடையை அந்த வெள்ளைக் கிண்ணத்தில் வைத்தாயிற்று, நெற்றியைப் பட்டையில் ஒட்டியாயிற்று, இனி முக்கால் மணி நேரத்துக்கு இந்தத் தலை கோமுவுடையது இல்லை, சோதனை எடுக்கிற ஜெபசீலி அக்காவுடையது. "அசையாம இருக்கணும் கோமு, மூச்சு மட்டும் விட்டுக்கலாம்" என்றாள் அக்கா. கண்ணாஸ்பத்திரியின் இந்த இருட்டறைக்கு வருகிற கிழவன் கிழவி குழந்தை எல்லாரிடமும் சொல்கிற அதே ராகம், பெயரில் ஏறி, மூச்சில் இறங்கி, கடைசி எழுத்தை மூக்குக்குள் போட்டுப் பூட்டுகிற ராகம். கோமு உதட்டை அசைக்காமல் உள்ளுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள், மூச்சு மட்டும் விட்டுக்கலாம்ம்ம், அச்சு அசல், பூட்டு விழுந்த சத்தம்கூட வந்துவிட்டது, சிரிப்பு தொண்டைக்குழி வரைக்கும் வந்து, தாடை மாட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. பதினாறு வயதில் அவள் சேர்த்து வைத்திருந்த சொத்து இதுதான், அடுத்தவர் குரல். தலைமையாசிரியையின் "யார் அங்கே", ரேஷன் கடைக்காரரின் "கைரேகை விழல, நாளைக்கு வா", அம்மாவிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிற பேங்க் அக்காவின் "முதுகு இன்னும் கொஞ்சம் எறக்கலாமா", எல்லாரும் அவளுக்குள் ஒண்டுக்குடித்தனம் இருந்தார்கள், ஒரே குழாயடி, ஒரே சண்டை. சொந்தக் குரல் எது என்று கேட்டால் கொஞ்சம் தேடித்தான் எடுக்க வேண்டும், சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிற மாதிரி. சரி, அது இப்போது எதற்கு. இன்றைக்கு இந்த எந்திரம் என்ன சொல்கிறதோ அதை வைத்துத்தான் டாக்டரம்மா எழுதித் தருவாள், கோமதி தனியாக ரோட்டைக் கடக்கலாமா, தனியாகப் பஸ் ஏறலாமா, பழைய கோமதியாக இருக்கலாமா என்று. மூன்று வாரத்துக்கு முந்தி இதே எந்திரம் "நல்லா இருக்கா" என்று சொல்லிவிட்டது. அது பொய். அது பொய் என்று உலகத்தில் கோமு ஒருத்திக்குத்தான் தெரியும், வெளியே பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்குத் தெரியாது. "எதுக்கும் இன்னொரு தடவை பாத்துக்கிடுவோமே" என்று ஜெபசீலி அக்கா போன வாரம் அம்மாவுக்குப் போன் பண்ணியபோது கோமு பக்கத்திலேயே நின்று காதை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

முதலில் மடிப்புப் படங்கள். அப்படி ஒரு பெயர் கிடையாது, கோமு வைத்த பெயர். கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் பளிச்சென்று வரும், கண் கொட்டுகிற நேரம் நிற்கும், போய்விடும், நடுவில் மடித்தால் இடதும் வலதும் ஒட்டுமா ஒட்டாதா, ஒட்டினால் பச்சைப் பொத்தான், ஒட்டாவிட்டால் சிவப்பு. இதில் அவளுக்குப் பயமே இல்லை. ஒட்டுகிற படத்தைத் தேடவே வேண்டாம், அதுவே எழுந்து வந்து முன்னால் நிற்கும், ஒரு முகமாக, ஒரு வண்ணத்துப்பூச்சியாக, தொட்டால் கடிக்கிற ஏதோ ஒன்றாக, யோசனை செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்புவதற்குள் விரல் பச்சையை அமுக்கியிருக்கும். பச்சை. பச்சை. சிவப்பு. பச்சை. ஒரே ஒரு புள்ளி இடம் மாறியிருந்தால்கூட முகத்தில் ஒரு கண் தூங்குகிற மாதிரி உறுத்தும். மூளைக்கு அப்படி ஒரு ஆசை போல, பார்க்கிற எல்லாவற்றிலும் எதிரே யாராவது முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்களா என்று. அம்மா துணியை இரண்டாக மடித்துப் பாதி ஜாக்கெட்தான் வரைவாள், நீலச் சாக்கட்டியால் ஒரு கழுத்து, ஒரு கக்கம், ஒரு இடுப்பு, "பாதிய நாம வரைஞ்சா போதும்ட்டி, மீதியத் துணியே பாத்துக்கிடும்" என்பாள், கத்திரி ஒரு தடவைதான் போகும், விரித்தால் முழு ஆள். கோமுவுக்குத் தலையில் அடிபட்டதும் அப்படித்தான். டாக்டரம்மா மூளைப் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, இரண்டு காதுக்கும் பின்னால் இரண்டு இடத்தைப் பேனாவால் தொட்டாள், இடது பக்கம் ஒரு வீக்கம், வலது பக்கம் அதே இடத்தில் அதே வீக்கம். "அசைவைப் பாக்குறதுக்குன்னே மூளையில தனியா ஒரு எடம் இருக்கும்மா, ரெண்டு பக்கமும். ஒரு பக்கம் அடிபட்டா மறுபக்கம் சமாளிச்சிரும். ஒங்க பொண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுபோல." அம்மா படத்தையே பார்த்துக்கொண்டு, மடிச்சு வெட்டின மாதிரில்லா இருக்கு, என்றாள். பச்சை. சிவப்பு. பச்சை. நன்றி, மடிப்பே. எல்லாம் கைவிட்ட அன்றைக்கும் நீ மட்டும் இருந்தாய், ஜன்னல் கம்பி, கட்டில் கால், அம்மாவின் முகம், நிற்கிறது எல்லாம் நின்ற இடத்தில் அழகாகத்தான் இருந்தது, வாழ்க்கையில் அவ்வளவு அழகாக அதுவரை பார்த்ததில்லை, நகராதவரைக்கும்.

விழுந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்புத்தான் முதலில் வரும், அதற்குப் பின்னால்தான் மற்றது. பள்ளிக்கூட ஆண்டு விழா, மேடை, கோமுவின் கண்டக்டர். பேட்டையிலிருந்து ஜங்ஷனுக்குப் போகிற காலைப் பஸ்ஸின் கண்டக்டர் பால்வண்ணன் அண்ணாச்சியை அறியாத பிள்ளை அந்தப் பள்ளிக்கூடத்தில் இல்லை. இரண்டு வருஷமாக அவர் இருக்கும்போதே அவருக்குப் பின்னால் நின்று அவர் மாதிரியே பேசி நடந்து அவரைப் பண்ணி, "இந்தப் பிள்ளைய எறக்கி விட்டுட்டு வண்டிய எடுங்க டிரைவர்" என்று அவர் கத்தி, அதையும் அவள் பண்ணி, டிரைவர் குழம்பி வண்டியை நிறுத்தியதெல்லாம் உண்டு. மேடை விளிம்பைப் படிக்கட்டாக வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் வெளியே சாய்ந்து, "உள்ள ஏறு, ஏறு, ஏறி வா, படியில நிக்காத, ஒங்கம்மைக்கு நான் பதில் சொல்ல முடியாது" என்று அவள் கத்த, கூட்டம் விசில் அடிக்க, கோமு பிடித்திருந்த கம்பி இல்லாத கம்பி. இல்லாத கம்பி எவ்வளவு நேரம்தான் தாங்கும். மல்லாக்க விழுந்தாள், பின்மண்டை சிமெண்டுத் தரையில் தேங்காய் மாதிரி ஒரு சத்தம் போட்டது, கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. விழுவதும் நடிப்பு என்று நினைத்துக்கொண்டார்கள். அவளும் எழுந்து கும்பிடு போட்டாள், வேறென்ன செய்ய, கை தட்டுகிறவர்களை ஏமாற்றவா. அன்றைக்கு ராத்திரி ஒரு புடைப்பு, கொஞ்சம் வாந்தி, "திருநீறு பூசிட்டுப் படுட்டி, சேட்டைக்குக் கெடச்ச கூலி" என்றாள் அம்மா. காலையில் அம்மா டீ ஆற்றினாள். சட்டியிலிருந்து டம்ளருக்கு ஒரு பழுப்புக் கம்பி நின்றது. ஊற்றவில்லை, நின்றது, ஐஸ் மாதிரி, கண்ணாடி மாதிரி. கோமு அதைத் தொடக் கை நீட்டி விரலைச் சுட்டுக்கொண்டாள். அவளே ஊற்றியபோது டம்ளர் காலி, காலி, காலி, பிறகு மேஜையெல்லாம் டீ, நடுவில் ஒன்றுமே நடக்கவில்லை. அம்மா அடுப்படியில் இருந்தாள், அம்மா வாசலில் இருந்தாள், போனதை யாரோ கத்திரியால் வெட்டி எடுத்திருந்தார்கள். காக்கா சுவரில், காக்கா கம்பியில், பறக்கிற காக்கா எங்கே. "எம்மா, எல்லாம் நிக்குதும்மா" என்று சொன்னாள், அழுதுகொண்டே சொன்னாள். அம்மா மிஷினை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. "ஆமா, போன மாசம் ஒரு நாள் பூரா செவிடா இருந்த, அதுக்கு முன்ன ஒங்க டீச்சர் கொரல்ல போன் பண்ணி ஒனக்கு விபத்துன்னு சொன்ன, இப்ப எல்லாம் நிக்குதாக்கும். பள்ளிக்கொடத்துக்குக் கெளம்பு." அம்மாவைக் குற்றம் சொல்ல முடியுமா. ஒருத்தியை எத்தனை தடவைதான் அழவைத்துவிட்டுச் சிரிக்கலாம். வேண்டாத இடமெல்லாம் நம்பிக்கையை அள்ளிச் செலவழித்துவிட்டு, வேண்டிய அன்றைக்குக் கையை நீட்டினால் அங்கே என்ன இருக்கும்.

"மடிப்பு முடிஞ்சிது. முப்பதுக்கு முப்பது. அடுத்தது வலது இடது" என்றாள் அக்கா, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், சக்கரம் கிறீச்சிட்டது. அந்தக் கிறீச். கோமுவின் காது தன் பாட்டுக்கு நிமிர்ந்தது, வேண்டாம் என்றாலும் நிமிரும், சனியன் பிடித்த காது. இந்தச் சோதனையில் புள்ளிகள் நிற்காது, ஊரும், கொதிக்கிற உலையில் அரிசி மாதிரி கன்னாபின்னாவென்று, அதற்குள் கொஞ்சம் மட்டும் ஒன்றுசேர்ந்து வலது பக்கமோ இடது பக்கமோ போகும், எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான், மூன்று வயதுப் பிள்ளை சொல்லிவிடும். கோமுவுக்கு ஒரு புள்ளிப் படம், இன்னொரு புள்ளிப் படம், இன்னொரு புள்ளிப் படம், எல்லாம் தனித்தனிப் போட்டோ, ஒன்றுக்கொன்று சொந்தம் கிடையாது. மூன்று வாரத்துக்கு முந்தி அப்படித்தான் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அதைக் கேட்டாள். அக்காவின் திரையில் விடை தெரியும், அக்கா வாயைத் திறக்கமாட்டாள், கையை அசைக்கமாட்டாள், ஆனால் பிள்ளைக்குச் சோறூட்டுகிறவள் தன் வாயையும் திறப்பாளே, அது மாதிரி, விடை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஒரு நூலளவு சாய்வாள். வலது என்றால் சக்கரம் கிறீச். இடது என்றால் முழங்கால் மேஜைக் காலில் டொக். அக்காவுக்கே தெரியாது. கிறீச், வலது. டொக், இடது. கிறீச், கிறீச், டொக். முதலில் சும்மா வேடிக்கைக்கு, பிறகு நிறுத்த முடியவில்லை, நூற்றுக்கு எண்பத்தாறு. அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சேலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள், பால்வண்ணன் அண்ணாச்சி டூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கிக்கொண்டு வந்து, பழத்தை நீட்டினார். அந்தப் பழத்தைத் தின்றபோதுதான் கோமுவுக்கு முதல் தடவையாக வாழ்க்கையில் ஒரு சேட்டை கசந்தது. அன்றிலிருந்து இன்னொரு குழப்பம் வேறு. நேற்றுக் காலையில் காக்கா சுவரில் இருந்தது, கம்பியில் இருந்தது, நடுவில் ஏதோ ஒன்று கறுப்பாகக் கோடு இழுத்த மாதிரி, இருந்ததா, இல்லை இறக்கைச் சத்தத்தைக் கேட்டுக் கண்ணே ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டதா. கண்ணால் பார்க்கிறாளா காதால் பார்க்கிறாளா, அவளுக்கே தெரியாது. ஊரை ஏமாற்றுகிறவள் கடைசியில் தன்னையும் வரிசையில் நிறுத்திவிட்டாள்.

முதல் படம் வந்தது. கிறீச். விரல் வலது பொத்தானுக்கு மேல் போய் நின்றது, அமுக்கினால் முடிந்தது, அமுக்கு, நாளைக்கே தனியாகப் பஸ், நாளைக்கே கூட்டாளிகள், நாளைக்கே மேடை. நாளைக்கே டவுண் ஸ்டாப்பும். டவுண் ஸ்டாப். விழுந்து மூன்றாம் நாள், அதே காலைப் பஸ், பிள்ளைகள் எல்லாம் "கண்டக்டர் பண்ணுட்டி, பண்ணுட்டி" என்று கத்த, அவளும் மானத்துக்காகப் பண்ணினாள், குரல் அப்படியே வந்தது, குரலுக்கு என்ன கேடு, நடையும் நடந்து காட்டினாள், பஸ்ஸே சிரித்தது. அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை, டிக்கெட்டுகளை விரலால் தள்ளிக்கொண்டு அவளையே பார்த்தார். டவுணில் கூட்டத்தோடு இறங்கினாள், ரோட்டில் ஆட்டோ தூரத்தில் நின்றது, நிற்கிற ஆட்டோதானே என்று காலை வைத்தாள், ஆட்டோ மூக்குக்கு முன்னால் இருந்தது. நடுவில் எதுவுமே இல்லை. பின்னாலிருந்து பள்ளிக்கூடப் பையை ஒரு கை பிடித்து இழுத்தது, வார் அறுகிற மாதிரி இழுத்தது, ஆட்டோக்காரன் வைத வசவு காது வழியாகப் போய்க்கொண்டிருக்கும்போது அண்ணாச்சி அவள் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். "ஏட்டி, எனக்கு எந்தக் காலு நொண்டும்?" கோமுவுக்குத் தெரியும், இரண்டு வருஷமாகத் தெரியும், தூக்கத்தில் கேட்டால் சொல்வாள், உள்ளே போய்த் தேடினாள், அங்கே அண்ணாச்சி போட்டோவுக்கு நிற்கிற மாதிரி இரண்டு காலும் சமமாக வைத்து நின்றுகொண்டிருந்தார். நடக்கவே மாட்டேன் என்றார். "ஓடுத பஸ்ஸுல இருந்து குதிச்சு என் ஒரு முட்டி போயி பன்னெண்டு வருசம் ஆச்சி. ரெண்டு வருசமா என்னையப் பண்ணுதே, ஒரு நா காலை மாத்தி வச்சதில்ல. இன்னைக்கு ரெண்டு காலையும் ஒண்ணுபோல வைக்கே, பொம்மை கெணக்கா. ஒனக்கு என்னமோ ஆயிருச்சிட்டி." உலகத்தில் அத்தனை பேர் இருக்க, அப்பா இல்லாத வீட்டில் அம்மா ஒருத்தி இருக்க, டாக்டர், டீச்சர், கூட்டாளி எல்லாம் இருக்க, கண்டுபிடித்தது இவர். அவளிடம் அதிகமாக அவமானப்பட்டவர். வேறு யார் அவளை அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருப்பார்கள். சாயங்காலம் சட்டையை மாற்றாமல் வீட்டுக்கே வந்துவிட்டார், அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, "அண்ணாச்சி, இவள நம்பாதிய, இது நடிக்கத விட்டு வேற சோலி பாக்காது" என்றாள். அண்ணாச்சி உட்காரவில்லை. "நடிக்கதுல ஒங்க மக தப்பு பண்ணமாட்டா தாயீ. இன்னைக்குத் தப்பு பண்ணுதா. அப்பம் இது நடிப்பு இல்ல." அம்மாவின் மிஷின் நின்றது. அந்த ஒரு வாக்கியத்துக்கு இன்றைக்கு வரைக்கும் கோமு நன்றி சொல்லவில்லை. சொல்லிப் பார்த்தாள், தலைமையாசிரியை குரலில் வந்தது, பேங்க் அக்கா குரலில் வந்தது, ஒரு தடவை அண்ணாச்சி குரலிலேயே வந்து தொலைத்தது, அவருக்கு அவரே நன்றி சொல்லிக்கொள்கிற மாதிரி. அவர் இழுத்துப் போட்ட உயிரை நாளைக்கு அதே ஸ்டாப்பில் ஒரு கிறீச்சை நம்பிக் கொண்டுபோய் வைப்பதா.

"அக்கா" என்றாள். ஒரு மாதிரி மெலிந்த, ஓரத்தில் பிசிறுள்ள குரல் வந்தது, யாருடையது என்று அவளே ஒரு நொடி திடுக்கிட்டாள். "அக்கா, நீங்க நாற்காலிய விட்டு எந்திரிங்க." "ஏன், வலிக்குதா?" "இல்லக்கா. வலதுன்னா சக்கரம் கிறீச்சுங்கும். இடதுன்னா ஒங்க முட்டி மேசையில இடிக்கும். போன தடவ நான் பாக்கல. கேட்டேன்." வசவு வரும் என்று காத்திருந்தாள், எந்த ராகத்தில் வரும் என்று காது வேறு ஆசையாக நீட்டிக்கொண்டிருந்தது, வெட்கங்கெட்ட காது. வந்தது சிரிப்பு. ஜெபசீலி அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், இங்கே சத்தம் போடக்கூடாது என்று சுவரில் எழுதிப் போட்டிருக்கிற அறையில். "நாக்காலியா! அட பாவி, நாக்காலியா! நீ பொய் சொல்லுதன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்ட்டி. எப்படின்னு தெரியாமத்தான் மூணு வாரமா மண்டைய ஒடச்சிக்கிட்டேன்." கோமுவின் தாடை கிண்ணத்தை விட்டு எழுந்தது. "தெரியுமா?" "கடைசிச் சோதனையில மாட்டிக்கிட்ட. அதுல எல்லாரும் ஒண்ணு சொல்லுவாங்க, நீ வேற சொன்ன. என்ன சொல்லணும்னு கேக்காத, சொன்னா அதையும் நடிச்சிருவ. தாடைய வையி." அக்கா எழுந்தாள், செருப்பைக் கழற்றினாள், சுவரோரம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், "இப்ப நான் ஒரு தூணு, போதுமா" என்றாள். போதும். தூணுக்கும் நன்றி. கோமு பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள், கண்ணால் மட்டும், காதை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தவள் மாதிரி. போட்டோ, போட்டோ, போட்டோ. தெரியவில்லை. குத்துமதிப்பாக அமுக்கினாள். போட்டோ, போட்டோ. தெரியவில்லை. நான்காவதிலோ ஐந்தாவதிலோ, வேகமாக ஊர்கிற ஒரு படத்தில், ஏதோ ஒன்று அவள் பார்வையைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுக்கிற மாதிரி ஒரு பக்கம் இழுத்தது, மிக மெல்ல, இடது. இடது என்று அமுக்கினாள். மறுபடி ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, பயம் வந்து மடியில் உட்கார்ந்தது, எழுந்திருக்க மாட்டேன் என்றது, இனி இப்படியேதான், ஆள்கள் இங்கே இருப்பார்கள், அங்கே இருப்பார்கள், யாரும் வரமாட்டார்கள், யாரும் போகமாட்டார்கள், நடை இல்லாத ஊரில் யாரைப் பண்ணுவது. மறுபடி அந்த இழுப்பு. வலது.

"இனி கடைசி" என்றது தூண். "எல்லாப் புள்ளியும் கீழ விழும். நடுவுல இருக்குற சிவப்பு மட்டும் நிக்கும், ஒரு நிமிசம் கண்ண எடுக்காம அதையே பாரு. அப்புறம் எல்லாம் நின்னுரும். நின்னதும் என்ன தெரியுதோ சொல்லு." போன தடவை இதில்தான், நின்றதும் என்ன தெரியுது என்று அக்கா கேட்க, "நிக்குதுக்கா, ஜம்முனு நிக்குது" என்று ஓங்கிச் சொன்னாள், நின்றால் நிற்கத்தானே செய்யும், அதில் என்ன தப்பு. சிவப்புப் புள்ளியைப் பார்த்தாள். வெள்ளைப் புள்ளிகள் இருந்தன, வேறு இடத்தில் இருந்தன, வேறு இடத்தில் இருந்தன. பத்து நொடி. இருபது. கண் எரிந்தது. எங்கேயோ இதே மாதிரி கண் எரிய நின்றிருக்கிறாள், எங்கே, தண்ணீர், நிறையத் தண்ணீர், எட்டு வயது, பாபநாசத்தில் அருவி, அப்பா உயிரோடு இருந்தார், அவளைத் தோளில் தூக்கி வைத்திருந்தார், அவர் தலைமயிரில் எண்ணெயும் அருவிச் சாரலும் கலந்த வாசனை, "பாரு, பாரு, எவ்வளவு தண்ணி" என்றார், அவள் பார்த்தாள், வெள்ளையாகக் கொட்டிக்கொண்டே இருந்தது, கொட்டிக்கொண்டே, கொட்டி, திரையில் இப்போது புள்ளிகள் வேறு இடத்தில் இருப்பதை நிறுத்திவிட்டு லேசாக, மிக லேசாக, உலர்ந்த மாவைச் சலிப்பது மாதிரி, இறங்குகிறதா, இறங்குகிறதா என்று கேட்டால் ஓடிவிடும், கேட்காதே, சிவப்பைப் பார், அப்பா பக்கத்துப் பாறையைக் காட்டி அங்கே குரங்கு என்றார், அவள் பாறையைப் பார்த்தாள், திரை நின்றது.

நின்ற புள்ளிகள் எல்லாம் எழுந்து மேலே போக ஆரம்பித்தன. ஒரு புள்ளியும் இடம் மாறவில்லை. ஆனால் போயின, மெதுவாக, மரியாதையாக, கூட்டம் முடிந்து எல்லாரும் எழுந்து போவது மாதிரி மேலே போய்க்கொண்டே இருந்தன. "அக்கா!" என்று கத்தினாள் கோமு, தாடை, கிண்ணம், பட்டை எல்லாம் ஒரு பக்கம் கழன்றது. "அக்கா, பாறை மேல போவுது!" "என்னது போவுது?" "நிக்குது! ஆனா போவுது! அப்பாட்டச் சொன்னேன், பாறை மேல போவுதுப்பான்னு, எல்லாரும் சிரிச்சாவ, அன்னைக்கே யாரும் நம்பலக்கா, நான் பொய் சொல்லல, அது போச்சு, இப்பவும் போவுது!" தூண் திரும்பி ஓடி வந்தது. அக்கா அவள் முகத்தை இரண்டு கையிலும் ஏந்தி, சரி சமமாக ஏந்தி, சொன்னாள். "அதத்தான் எல்லாரும் சொல்லுவாங்க. கீழ போறதையே பாத்துக்கிட்டிருந்தா மூளையில கீழ போறதப் பாக்குற பாகம் களைச்சிரும், அது அசந்த நேரம் மேல போறதப் பாக்குறது எந்திரிச்சி நிக்கும். அது களைச்சிருக்குன்னா வேல செஞ்சிருக்குன்னு அர்த்தம்ட்டி. போன தடவ நீ ஜம்முனு நிக்குதுன்ன. பாக்காத கண்ணுக்குத்தான் ஜம்முனு நிக்கும்." இதை எந்த நாற்காலியும் சொல்லிக்கொடுக்கவில்லை. இதற்கு ஒரு சத்தமும் கிடையாது. இல்லாத ஒன்றைப் பார்த்தாள், அதனால் கண் இருக்கிறது. இல்லாத கம்பி கையை விட்டது, இல்லாத பாறை தூக்கி நிறுத்தியது, கோமு அழுதாள், அழுகையை யார் மாதிரியும் பண்ணத் தோன்றவில்லை.

வலது இடதில் நூற்றுக்கு ஐம்பத்தொன்பது. குருட்டாம்போக்கில் அமுக்கினாலே ஐம்பது வரும், ஒன்பதுதான் உன் சொத்து என்று டாக்டரம்மா சொன்னாள், ஆனால் அந்த ஒன்பதைச் சுற்றிப் பேனாவால் இரண்டு வட்டம் போட்டாள். இன்னும் இரண்டு மாதம் தனியாக ரோட்டைக் கடக்கக் கூடாது, மேடை கிடையாது, மாத்திரை தொடரும். நாற்காலிக் கதையைக் கேட்ட அம்மா, "சவத்துமூதி, அன்னைக்கு நான் கோயில்ல பொங்க வச்சேனேட்டி" என்று முதுகில் ஒன்று வைத்தாள், வைத்த கை அங்கேயே நின்று, தடவிக்கொடுத்தது. ஐம்பத்தொன்பது. எண்பத்தாறைவிட எவ்வளவு பெரிய எண். வராந்தாவின் அந்தக் கோடியில் காக்கிச் சட்டை தெரிந்தது, டூட்டி முடிந்து வந்துவிட்டார், தினமும் அவர்தான் பஸ்ஸில் ஏற்றி, இறக்கி, ரோட்டின் மறுபக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டுப் போகிறார், அவர் வேலையில் அது சேர்த்தி இல்லை. அண்ணாச்சி மருந்துக்கடைப் பக்கம் இருந்தார். அண்ணாச்சி தண்ணீர்க்குழாய்ப் பக்கம் இருந்தார். கோமு மூச்சைப் பிடித்துக்கொண்டாள், மூச்சு மட்டும் விட்டுக்கலாம்ம்ம், விட்டாள். அண்ணாச்சி நாற்காலி வரிசைப் பக்கம் இருந்தார், அங்கிருந்து இந்தப் பக்கம் வருவதற்குள், இரண்டு போட்டோவுக்கு நடுவே, யாரோ நூல் கோத்த மாதிரி, ஒரு தோள் இறங்கி ஏறியது. மறுபடி இறங்கியது. ஏறியது. ஒரே பக்கம். உலகத்திலேயே அழகான கோணல்.

"என்ன தாயீ சொன்னாவ?" என்று அம்மாவிடம் கேட்டார், அம்மா எண்ணைச் சொல்ல வாயெடுத்தாள், எண் அழுகையில் மாட்டிக்கொண்டது. சரி, வண்டிக்கு நேரமாச்சி, என்று அவர் படிக்கட்டைப் பார்க்கத் திரும்பி நடந்தார், அவர் அப்படித்தான், முகத்தைக் காட்டமாட்டார். கோமு பின்னால் போனாள். இரண்டு அடி சும்மா நடந்தாள். மூன்றாவது அடியில் இடது தோளை முன்னால் கொடுத்தாள், இல்லாத பையைக் கக்கத்தில் இடுக்கினாள், இல்லாத மேல்கம்பியைத் தொட்டாள், பிடிக்கவில்லை, தொட்டாள், முட்டியை மடக்காமல் ஒரு பக்கமாக இறங்கி ஏறினாள், அவர் இறங்கும்போது இறங்கி, ஏறும்போது ஏறி, நன்றி என்ற சொல்லுக்கு அவளிடம் இருந்த ஒரே உருவம் அதுதான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த யாரோ களுக்கென்று சிரித்தார்கள். படிக்கட்டின் தலைமாட்டில் அண்ணாச்சி நின்றார். திரும்பவில்லை.

"எந்தக் காலுட்டி?"

"வலது அண்ணாச்சி."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அவர் முதுகு ஏறி இறங்கியது, அதையும் கோமு பார்த்தாள், ஏறுவதை, இறங்குவதை. பிறகு அந்தக் குரல் வந்தது, ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரி, அவள் இரண்டு வருஷமாகத் திருடி வைத்திருந்த குரல், இப்போது சொந்தக்காரரே எடுத்து வீசினார். "எறங்கு, எறங்கு, பாத்து எறங்கு, பின்னால வண்டி வருது."

அவள் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. "சரி அண்ணாச்சி" என்றாள், ஓரத்தில் பிசிறுள்ள அந்தக் குரலில், முதல் படியில் காலை வைத்தாள்.